தரையைத் தொடும் கார்கள்: வேகத்துக்கு எதிரான ஒரு வரலாறு

1

காரைப் பற்றி எழுதுவதென்றாலே நம்மிடையே ஒரு கூச்சம் இருக்கிறது. கார் முதலாளியின் வாகனம், மந்திரியின் வாகனம். மிஞ்சிப்போனால் ஃபோர்டின் தொடர்வரிசை உற்பத்தி பற்றிப் பேசும்போது உதாரணத்துக்கு வந்துபோகும் ஒரு சரக்கு. வாங்கின காரைப் பிரித்துப்போட்டு, வெட்டி ஒட்டி, பெயிண்ட் அடித்து, உள்ளே வெல்வெட் தைத்து, தெருவில் காட்டிக்கொண்டு திரிகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘வேலையத்த பயலுக’, ‘நுகர்வு மோகம்’, ‘போலிப் பிரக்ஞை’ என்று மூன்று அடியில் ஆளைக் காலி பண்ணிவிடுவோம். முதல் அடி போலீஸ்காரருடையது; கடைசி அடி நம்முடையது. இரண்டும் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயந்தான். அந்தச் சங்கடத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கிழக்கிலும் தெற்கிலும் வாழ்கிற மெக்சிக வம்சாவழியினர், தங்களைச் சிக்கானோக்கள் என்று அழைத்துக்கொள்கிறவர்கள், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தங்கள் கார்களை என்ன செய்தார்கள் என்பதுதான் இங்கே பேசப்படுவது. அந்தக் காருக்கும் அதை ஓட்டுகிற ஆளுக்கும் ஒரே பெயர்: லோரைடர். தாழப் போகிறவன் என்று வைத்துக்கொள்ளலாம். ‘பஹித்தோ இ சுவாவெசித்தோ’ என்பது அவர்களுடைய ஸ்பானிய வாசகம். தாழ்வாக, நைசாக, மெதுவாக என்று அர்த்தம்.

காரைத் திருத்துகிறவர்கள் எங்கேயும் இரண்டு காரியத்துக்காகத் திருத்துகிறார்கள்: ஒன்று வேகம், இன்னொன்று அழகு. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே வரும். வேகமாகப் போவதே அழகு என்று சொல்லப்படும். லோரைடர்கள் வேகத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். மணிக்கு நூறு மைல் போகக்கூடிய எஞ்சினை வைத்துக்கொண்டு ஐந்து மைல் வேகத்தில் போனார்கள். தரையிலிருந்து உயர்ந்து நிற்கும்படி கம்பெனி செய்து அனுப்பின உடலைத் தரையை ஒட்டி இறக்கினார்கள். இதை ஒரு ரசனை விவகாரமாக மட்டும் பார்த்தால், அவர்களைப் பிடிக்க ஏன் தனியாக ஒரு சட்டப்பிரிவு இருந்தது, அது ஏன் 2023 வரை உயிரோடு இருந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

2

அமெரிக்காவில் காரைத் திருத்தும் பண்பாட்டின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. 1930களில் தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டு போன்ற தேவையில்லாத எடையையெல்லாம் கழற்றிப்போட்டு, எஞ்சினைத் திருத்தி, மியூராக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். இதற்கென்றே 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் அமைந்தது. போர் முடிந்து சிப்பாய்கள் திரும்பிய பிறகு இந்தக் கூட்டம் பெருகியது. 1948இல் ‘ஹாட் ராட்’ பத்திரிகை வந்தது.

தெருவில் பந்தயம் விடுகிறார்கள் என்று ஆரம்பத்தில் இவர்கள் மீதும் போலீஸ் பாய்ந்தது, பத்திரிகைகள் திட்டின. ஆனால் பிரச்சினை எப்படித் தீர்க்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1951இல் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் உருவானது. தெருவில் ஓட்டாதே, இங்கே வந்து ஓட்டு என்று பந்தயத் தடங்கள் அமைந்தன. பல ஊர்களில் போலீசே அதற்கு ஒத்தாசை செய்தது. வேகம் விளையாட்டானது, பிறகு தொழிலானது. 1963இல் எழுத்தாளர் டாம் வுல்ஃப் ‘எஸ்குயர்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதி ஜார்ஜ் பாரிஸ், எட் ராத் போன்ற கார் திருத்தும் பட்டறைக்காரர்களைக் கலைஞர்கள் வரிசையில் உட்கார வைத்தார். ஹாட் ராட் கூட்டத்தில் வெள்ளையரல்லாதவர்களும் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பண்பாட்டின் பொதுமுகம் வெள்ளை இளைஞனின் முகமாகவே இருந்தது. அவனுடைய மீறலை அரசால் புரிந்துகொள்ள முடிந்தது. வேகம் அரசுக்கும் மூலதனத்துக்கும் ஏற்கெனவே தெரிந்த மொழி. பால் விரிலியோ 1977இல் ‘வேகமும் அரசியலும்’ என்ற நூலில் வைத்த வாதமும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான்: யார் வேகமாகப் போகலாம், யார் நிறுத்தி வைக்கப்படுவார்கள் என்பதைத் தீர்மானிப்பதில்தான் ஆட்சி நடக்கிறது.

அதே காலத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்சில் என்ன நடந்தது? விரைவுச்சாலைகள் வந்தன. பாயில் ஹைட்ஸும் அதை ஒட்டிய பகுதிகளும் இன்று ஐந்து விரைவுச்சாலைகளால் வெட்டப்பட்டுக் கிடக்கின்றன. வீடுகள் இடிக்கப்பட்டன, தெருக்கள் பாதியில் முடிந்தன. புறநகரில் வீடு வாங்கிப் போனவர் மத்திய நகரத்து ஆபீசுக்குச் சீக்கிரம் போய்ச்சேர வேண்டும். அதற்கு நடுவில் இருக்கிறவனுடைய வீடு போக வேண்டும். அந்தப் பகுதி மக்களுக்கு வேகம் என்றால் தலைக்கு மேலே பாலத்தில் இரைச்சலோடு கடந்துபோகிற அடுத்தவனுடைய வேகம். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தன் தன் காரை மெதுவாக ஓட்டுவது என்று முடிவு செய்தால் அதற்கு ஒரு வரலாறு இருக்கத்தான் செய்யும்.

3

அந்த வரலாறு காருக்கு முன்னால் சட்டையிலிருந்து தொடங்குகிறது.

1930களின் பொருளாதார நெருக்கடியின்போது ‘வேலையைப் பறிக்க வந்தவர்கள்’ என்று சொல்லி லட்சக்கணக்கான மெக்சிகர்கள் ரயிலேற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் கணிசமானோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். பிறகு போர் வந்தது; வயலுக்கு ஆள் வேண்டும் என்றானதும் 1942இல் பிராசெரோ திட்டத்தின் கீழ் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் கூப்பிடப்பட்டார்கள். வா என்றால் வர வேண்டும், போ என்றால் போக வேண்டும். உழைக்கும் உடல் வேண்டும். அந்த உடல் கண்ணுக்குப் படக்கூடாது.

இதற்கு நடுவே வளர்ந்த இரண்டாம் தலைமுறைப் பையன்கள் கண்ணில் பட்டே தீருவது என்று முடிவு செய்தார்கள். முழங்கால் வரை தொங்கும் கோட்டு, தோளில் பஞ்சுத்திண்டு, தொடையில் அகன்று கணுக்காலில் இறுகும் கால்சட்டை, நீளமான சங்கிலி. இதுதான் ஸூட் சூட். கறுப்பின இளைஞர்களிடமும் இருந்த உடை இது. போட்ட மெக்சிகப் பையன்களுக்குப் பச்சூக்கோ என்று பெயர். 1942இல் போர் உற்பத்தி வாரியம் கம்பளித் துணி உபயோகத்துக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது. ஆகவே இவ்வளவு துணியைச் சுற்றிக்கொண்டு திரிவது தேசத்துரோகமாகவும் பார்க்கப்பட்டது. 1943 ஜூனில் கடற்படைச் சிப்பாய்கள் டாக்சிகளில் ஏறிவந்து, ஸூட் சூட் போட்டவர்களைத் தேடிப் பிடித்து அடித்து, நடுத்தெருவில் உடையை உருவினார்கள். போலீஸ் பெரும்பாலும் அடிவாங்கியவர்களைத்தான் கைது செய்தது. நகரமன்றம் அந்த உடையையே குற்றமாக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது, அது சட்டமாகவில்லை.

இங்கே ஆக்டேவியோ பாஸைச் சொல்லாமல் போக முடியாது. 1950இல் வெளிவந்த ‘தனிமையின் புதிர்வழி’ நூலைப் பச்சூக்கோவிலிருந்துதான் அவர் தொடங்குகிறார். மெக்சிகத்தையும் இழந்து அமெரிக்கத்தையும் ஏற்காமல், அடியை வலியப் போய் வாங்கிக்கொள்கிற ஒரு விபரீதக் கோமாளியாகப் பச்சூக்கோ அவருக்குத் தெரிகிறான். பெரிய கவிஞர்தான், சந்தேகமில்லை. ஆனாலும் மேட்டிமைக் கண்ணுக்கு உடையில் வெறுமைதான் தெரிந்தது. அந்த உடையை உரிக்க ஏன் ஒரு படையே புறப்பட்டு வந்தது என்று அவர் யோசித்திருக்கலாம். பின்னால் வந்த சிக்கானோ எழுத்தாளர்கள் பாஸோடு சண்டை போட வேண்டியிருந்தது.

லோரைடரின் மூதாதை இந்தப் பச்சூக்கோதான். கோட்டுத் தரையை நோக்கித் தொங்கியது. கார் தரையை நோக்கி இறங்கியது. தனி உடல்மீது நடந்த விவகாரம் 1940களின் இறுதியிலிருந்து காரின் உடல்மீது நடக்க ஆரம்பித்தது.

4

முதலில் வழி சுலபமானது. டிக்கியில் மணல் மூட்டையோ சிமெண்டு மூட்டையோ ஏற்றினால் பின்பக்கம் தாழும். கொஞ்சம் துணிந்தவர்கள் சஸ்பென்ஷனிலுள்ள சுருள் ஸ்பிரிங்கை ஒன்றிரண்டு சுற்று வெட்டினார்கள். ஆனால் வெட்டினது வெட்டினதுதான், ஏற்ற முடியாது. மேடு பள்ளத்தில் அடி இடிக்கும்.

1958 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் வாகனச் சட்டப்பிரிவு 24008 நடைமுறைக்கு வந்தது. திருத்தப்பட்ட எந்தக் காரிலும் சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பகுதியும் இறங்கக்கூடாது என்பது அதன் சாரம். டயர் வெடித்தால் ரிம் தரையைத் தொடும். அப்போது தாழ்ந்த கார் ரோட்டில் உரசும் என்று அதற்கொரு பாதுகாப்புக் காரணம் சொல்ல முடியும். அது முழுப் பொய்யில்லை. ஆனால் சட்டம் யார் காரை ஓரங்கட்டுவதற்குப் பயன்பட்டது என்பதை அந்தக் காரணம் சொல்லாது. தெருவோரத்தில் குனிந்து பார்த்து உயரம் அளக்கும் அதிகாரம் ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் கிடைத்துவிட்டது. அளக்க வந்தவர் காரை மட்டும் சோதித்துவிட்டுப் போவதில்லை. லைசென்ஸ் எங்கே, டிக்கியைத் திற, நீ எந்த ஊர்க்காரன்...

இதற்கு என்ன செய்வது? தாழ்ந்த கார் குற்றம். உயர்ந்த காரில் நாம் இல்லை. அப்படியானால் கார் இரண்டாகவும் இருக்க வேண்டும்.

ரான் அகிர்ரே என்ற இளைஞர், சான் பெர்னார்டினோ பக்கத்துக்காரர், 1950களின் இறுதியில் இதற்கு விடை கண்டார். தன்னுடைய 1956 மாடல் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். பம்புகள் வந்தது விமானங்களின் உபரிச் சரக்கிலிருந்து. தெற்குக் கலிபோர்னியா அப்போது விமானத் தொழிற்சாலைகளின் பூமி. போர் முடிந்த பிறகு விற்றுத் தீர்க்க வேண்டிய சாமான்கள் உபரிக்கடைகளில் குவிந்து கிடந்தன. விமானத்தின் இறக்கை மடிப்புகளை அசைக்கச் செய்யப்பட்ட பம்பு காருக்கு வந்தது. அந்தக் காருக்கு எக்ஸ்-சோனிக் என்று பெயர் வைத்தார்.

வேலை செய்யும் விதம் இதுதான். டிக்கியில் பேட்டரிகளும் மின்மோட்டாரோடு கூடிய பம்பும் இருக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் ஸ்பிரிங்கோடும் ஒரு சிலிண்டர். ஸ்டியரிங்குக்குக் கீழே சுவிட்சு. சுவிட்சைத் தட்டினால் பம்பு எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளும். உள்ளே இருக்கும் தண்டு நீண்டு காரைத் தூக்கும். வால்வைத் திறந்தால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். கார் தன் எடையிலேயே அமர்ந்துவிடும். பின்னால் லாரிகளின் பின்கதவைத் தூக்குகிற பம்புகளும் இதற்கு உதவின. 12 வோல்ட் பேட்டரி ஆறைத் தொடராக இணைத்தால் 72 வோல்ட். அந்த வேகத்தில் பம்பு தள்ளினால் கார் நிமிர்வதோடு நிற்காமல் குதிக்கவே ஆரம்பித்துவிடும். பார்க்கிறவர்கள் இன்று கைதட்டி ரசிக்கிற அந்த ஆட்டத்தின் பிறப்பு இங்கேதான் இருக்கிறது. போலீஸ் தலை தெரிந்தால் சுவிட்சு. கார் சட்டபூர்வமான உயரத்துக்கு எழுந்து நிற்கும். போனதும் மறுபடி சுவிட்சு.

அதிகாரம் இருக்கும் இடத்தில் எதிர்ப்பும் இருக்கும் என்கிற ஃபூக்கோவின் கருத்து நம் கட்டுரைகளில் சூத்திரம் மாதிரி வந்துபோகிறது. இங்கே அதைத் தொட்டுப் பார்க்கலாம். சட்டம் ஒரு அளவைச் சொல்லியது. அந்த அளவே கருவியின் வடிவத்தைத் தீர்மானித்தது. தடை இல்லாதிருந்தால் மணல் மூட்டையோடு விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் சூத்திரம் சொல்லாத ஒன்றும் உண்டு. எதிர்ப்பு தானாக விளைந்துவிடவில்லை. யாரோ உபரிக்கடையில் பம்பைத் தேடி, எண்ணெய்க் கசிவை அடைத்து, வெல்டு விட்டுப்போனதை மறுபடி வைத்து, கை சுட்டுக்கொண்டு செய்திருக்கிறார்கள். கோட்பாடு இந்தக் கைவேலையைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

5

கைவேலை என்று சொன்னோம். யாருடைய கை?

போருக்குப் பிந்தைய லாஸ் ஏஞ்சல்ஸ் சினிமா நகரம் மட்டுமல்ல, கார் உற்பத்தி நகரமும்கூட. ஜெனரல் மோட்டார்ஸுக்கு சவுத் கேட்டில் 1936 முதலும் வான் நைஸில் 1947 முதலும் தொழிற்சாலைகள் இருந்தன. டயர் கம்பெனிகள், இரும்பாலைகள் இருந்தன. மெக்சிக, கறுப்பினத் தொழிலாளர்கள் இவற்றில் பெருமளவில் வேலை பார்த்தார்கள். லோரைடர்களின் செல்லக் காரான செவ்ரலே இம்பாலா 1958இல் அறிமுகமானது. அதில் ஒரு பகுதி வான் நைஸிலேயே பூட்டப்பட்டது. பகல் முழுக்க வரிசையில் நின்று ஒரே போல்ட்டை முடுக்குகிறவனுக்குத் தான் செய்த கார் சொந்தமில்லை. பத்து வருஷம் கழித்து அதே கார் மூன்றாம் கைமாறி, துருவேறி, மலிவாக அவனிடமோ அவன் மச்சானிடமோ வருகிறது. அப்போது வீட்டுப் பின்பக்கத்தில், சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதை முதலிலிருந்து மறுபடி செய்கிறான். டிங்கர் வேலை ஒருத்தன், வெல்டிங் ஒருத்தன், பெயிண்ட் ஒருத்தன், மெத்தை தைக்கிறது இன்னொருத்தன். கூலி பெரும்பாலும் பணமாக இல்லை; இன்றைக்கு உன் காருக்கு நான், நாளைக்கு என் காருக்கு நீ. இந்த உறவுகளிலிருந்துதான் கார் மன்றங்கள் வந்தன. தெற்கு லாஸ் ஏஞ்சல்சில் ருவேலாஸ் சகோதரர்கள் 1962இல் தொடங்கிய ‘டியூக்ஸ்’ இன்றுவரை பேசப்படும் மன்றங்களில் ஒன்று.

பெயிண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கேண்டி’ பெயிண்ட் என்பது ஒரே பூச்சு இல்லை. பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து உடம்பைச் சமனாக்கி, வெள்ளி அல்லது தங்க நிறத்தில் அடிப்பூச்சு. அதன்மேல் ஒளி ஊடுருவும் சாயம் பல மெல்லிய அடுக்குகளாக. கடைசியில் நிறமற்ற பூச்சு. வெளிச்சம் உள்ளே போய் அடிப்பூச்சில் பட்டுத் திரும்புகிறது. அதனால்தான் நிறம் உள்ளேயிருந்து எரிவது மாதிரி தெரியும். வேகமாகப் போகிற காரில் இதைப் பார்க்க முடியாது. மெதுவாகப் போனால்தான் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அதன்மேல் ஊர்ந்து போவது தெரியும். மெதுவாகப் போவதற்காகவே இவ்வளவு உழைப்பும். சும்மா கிடைத்த நேரத்தைத் தன்னிஷ்டப்படி செலவழிக்கிறவனைப் பார்த்தால் எஜமானர்களுக்கு எரிச்சல் வருவது எங்கேயும் உள்ளதுதான்.

சிக்கானோ விமர்சகர் தோமாஸ் இபார்ரா-ஃப்ராவுஸ்தோ 1989இல் ‘ராஸ்குவாச்சிஸ்மோ’ என்ற சொல்லை அழகியல் கருத்தாக்கமாக முன்வைத்தார். மெக்சிகோவில் அது வசவு. மலிவானது, ரசனைகெட்டது, கீழ்த்தட்டுத்தனமானது என்று பொருள். கையில் இருக்கிறதை வைத்து ஒப்பேற்றுகிறவனுடைய பார்வை, அடங்கின ரசனைக்கு அடங்காத பகட்டு என்று அவர் அந்த வசவைத் திருப்பிப் போட்டார். விமான பம்பு, லாரி பம்பு, சங்கிலியை வெல்டு வைத்துச் செய்த ஸ்டியரிங் வளையம், பேட்டையே பார்க்கும்படி எரியும் சிவப்பு. லோரைடரைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான கண்ணாடி கிடைப்பது கடினம்.

6

கார்கள் போய்ச் சேர்ந்த இடம் விட்டியர் பூல்வார்டு. கிழக்கு லாஸ் ஏஞ்சல்சின் கடைத்தெரு. வார இறுதி இரவுகளில் கார்கள் வரிசையாக அதில் ஊர்ந்து போகும், கடைசியில் திரும்பும், மறுபடி ஊர்ந்து வரும். எங்கேயும் போய்ச் சேர்வதற்காக இல்லை. பக்கத்துக் காரில் இருப்பவரோடு பேசிக்கொண்டு, பிளாட்பாரத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுக்கொண்டு போவதுதான் காரியம். இதற்கு குரூயிசிங் என்று பெயர்.

இதே தெருவில்தான் 1970 ஆகஸ்டு 29 அன்று சிக்கானோ மொரட்டோரியம் ஊர்வலம் போனது. வியத்நாமில் தங்கள் பையன்கள் விகிதத்துக்கு மீறிச் சாகிறார்கள் என்று சொல்லி இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள். ஷெரிஃப் படை கூட்டத்தைக் கலைத்தது. ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ பத்தி எழுத்தாளர் ரூபென் சலசார் அன்று விட்டியர் பூல்வார்டில் சில்வர் டாலர் என்ற மதுக்கடைக்குள் உட்கார்ந்திருந்தபோது, ஒரு ஷெரிஃப் காவலர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இறந்தார். யார்மீதும் வழக்கு நடக்கவில்லை. வாரத்தில் ஒருநாள் அரசியல், ஒருநாள் அலங்காரம் என்று நாம் பிரித்துப் பார்க்கலாம். தெரு அப்படிப் பிரிந்திருக்கவில்லை. எழுபதுகளில் டியூக்ஸ் போன்ற மன்றங்கள் சேசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்துக்காகக் கார்க்காட்சி நடத்தி நிதி திரட்டின. 1977இல் சான் ஹோசேயில் சில சிக்கானோ இளைஞர்கள் ‘லோ ரைடர்’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதன் பக்கங்களில் கார்ப் படங்களோடு சமூக அரசியலும் பழைய பச்சூக்கோ நினைவுகளும் இடம்பெற்றன.

1979இல் ஷெரிஃப் நிர்வாகம் விட்டியர் பூல்வார்டை வார இறுதி இரவுகளில் கார்களுக்கு அடைத்தது. குழுச்சண்டை, வன்முறை என்று காரணம் சொல்லப்பட்டது. சண்டைகள் நடந்தது உண்மை. வியாபாரிகள் புகார் சொன்னதும் உண்மை. ஆனால் ஒரு தெருவில் கத்திக்குத்து நடந்தால் குத்தினவனைப் பிடிப்பதா, தெருவையே மக்களிடமிருந்து பிடுங்குவதா? 1982இல் மாநிலச் சட்டம் குரூயிசிங்கைத் தடைசெய்யும் அதிகாரத்தை நகராட்சிகளுக்குக் கொடுத்தது. சான் ஹோசே 1986இலும் சான் டியேகோவுக்குப் பக்கத்திலுள்ள நேஷனல் சிட்டி 1992இலும் தடை கொண்டுவந்தன. இந்தத் தடைகளின் வாசகம் சுவாரசியமானது. நெரிசலான ஒரு இடத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பத் திரும்பக் கடப்பது குற்றம். அதாவது, போவதற்கு ஒரு இடம் இருக்க வேண்டும். வாங்குவதற்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் தெருவில் இருந்தால் உன் இருப்பே குற்றம். தெரு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நம்மில் யாருக்கும் புதிதல்ல.

7

இனி இந்தக் கதையில் நமக்கு வசதிப்படாத பகுதிகள்.

லோரைடர் உலகம் ஆண்களின் உலகமாகத்தான் கட்டப்பட்டது. ‘லோ ரைடர்’ பத்திரிகையின் அட்டையில் எழுபதுகளின் இறுதியிலிருந்து நீச்சலுடைப் பெண்கள் காரோடு காராகக் காட்சிக்கு வைக்கப்பட்டார்கள். விற்பனை ஏறியது. சிக்கானாப் பெண்கள் இதைக் கண்டித்தார்கள். வெள்ளை நகரம் தங்களைப் பார்க்கிற பார்வையைத் திருப்பி முறைத்த ஆண்கள், தங்கள் வீட்டுப் பெண்களை அதே பார்வைக்குக் கீழே நிற்க வைத்தார்கள். மாதச் சம்பளம் பம்புக்கும் குரோமியத்துக்கும் போனபோது அடுப்பை எரியவைத்தவர் யார் என்று மன்றங்களின் வரலாறு எழுதியவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஹெஸ்ஸே வலாதெஸ் என்ற இம்பீரியல்ஸ் மன்றத்துக்காரரின் ‘ஜிப்சி ரோஸ்’ என்ற 1964 மாடல் இம்பாலாதான் உலகத்திலேயே பிரசித்தமான லோரைடர். இளஞ்சிவப்பு உடம்பெங்கும் கையால் வரைந்த ரோஜாப் பூக்கள், உள்ளே இளஞ்சிவப்பு வெல்வெட், கூரையில் தொங்குவிளக்கு, பின்னால் ஒரு சின்ன மதுமேடை. பூ, வெல்வெட், விளக்கு. இது யாருடைய அழகியல்? கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் வீடுகளின் முன்னறையில் மெக்சிகத் தாய்மார்கள் பொத்திப் பொத்தி அலங்கரித்து வைத்த அழகியல். வேறு பல கார்களில் குவாடலூப் மாதாவின் படமும் செத்துப்போன உறவினர்களின் முகங்களும் வரையப்பட்டிருக்கும். அதுவும் வீட்டுப் பீடத்தில் பெண்கள் செய்கிற காரியம். அமாலியா மேசா-பெய்ன்ஸ் 1990களில் ‘டொமெஸ்டிக்கானா’ என்ற கருத்தை முன்வைத்தபோது, ஆண்கள் கொண்டாடும் ராஸ்குவாச்சே அழகியலில் வீட்டுக்குள் பெண்கள் நடத்தும் கலை விடுபட்டுப்போவதைத்தான் சுட்டினார். அந்தக் கண்ணால் பார்த்தால் லோரைடர் சக்கரம் வைத்த முன்னறை. பெண்களின் கலை தெருவுக்கு வந்தது, பெண்கள் வரவில்லை. இன்று பெண்கள் தாங்களே காரைக் கட்டி, தங்கள் மன்றங்களோடு ஓட்டிவருகிறார்கள் என்பதை இந்த இடத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

சந்தையும் சும்மா இருக்கவில்லை. ‘ஜிப்சி ரோஸ்’ 1974இல் தொடங்கிய ‘சிக்கோ அண்ட் தி மேன்’ தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் ஓடி நாடெங்கும் தெரிந்தது. 1975இல் ‘வார்’ இசைக்குழுவின் ‘லோ ரைடர்’ பாட்டு வந்தது. 1980களின் இறுதியிலிருந்து காம்ப்டன், தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிகளின் கறுப்பின ராப் இசை இம்பாலாவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கறுப்பின லோரைடர்கள் அதற்கு வெகுமுன்பே அந்தத் தெருக்களில் இருந்தவர்கள்தாம். ஜப்பானில் இம்பாலாக்களை இறக்குமதி செய்து ஹைட்ராலிக் பூட்டுகிறார்கள். 1980லிருந்து ஒவ்வொன்றாகத் தெற்குக் கலிபோர்னியாவின் கார் ஆலைகள் மூடப்பட்டன. சவுத் கேட் 1982இல், வான் நைஸ் 1992இல். காரைச் செய்த கைகளுக்கு வேலை போனது. அந்தக் கைகள் உருவாக்கின பாணிக்கு மட்டும் விலை ஏறியது. எல்லாப் பக்கத்திலும் தாக்குப்பிடித்த ‘லோ ரைடர்’ பத்திரிகை 2019இல் அச்சை நிறுத்தியது.

8

அருங்காட்சியகமும் வந்து சேர்ந்தது. நியூ மெக்சிகோவின் சிமாயோ ஊர்க்காரரான டேவ் ஹராமிய்யோவின் 1969 மாடல் ஃபோர்டு லோரைடரை 1990இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வாங்கியது. 2017இல் ‘ஜிப்சி ரோஸ்’ அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, வாஷிங்டனில் நாடாளுமன்றத்துக்கு முன்னுள்ள திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. அதே ஆண்டில் கலிபோர்னியாவில் தெருவில் தாழ ஓட்டினால் அபராதம். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற கார் தேசியச் சொத்து. தெருவில் நகர்கிற கார் சட்டமீறல். அரசுக்கு இதில் முரண்பாடே தெரியாது. நின்றுபோன பண்பாட்டை மதிப்பதும் நடமாடும் பண்பாட்டை ஓரங்கட்டுவதும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு மேசைகள்.

ஆனால் கார்க்காரர்கள் கண்ணாடிப் பெட்டியோடு திருப்தியடையவில்லை. மன்றங்கள் சேர்ந்து நகரமன்றக் கூட்டங்களுக்குப் போனார்கள், பேசினார்கள், திரும்பத் திரும்பப் போனார்கள். சான் ஹோசே 2022இல் தடையை நீக்கியது. நேஷனல் சிட்டி 2023இல். அதே ஆண்டு, சான் டியேகோ பகுதிச் சட்டமன்ற உறுப்பினர் டேவிட் அல்வாரெஸ் கொண்டுவந்த ஏ.பி. 436 மசோதா நிறைவேறி, ஆளுநர் கேவின் நியூசம் அக்டோபரில் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1 முதல் நகராட்சிகளின் குரூயிசிங் தடைகளுக்கு அதிகாரமில்லை. உயரம் அளக்கும் பழைய பிரிவும் போனது. அறுபத்தாறு வருஷம். பம்பு பூட்டின முதல் தலைமுறையில் பலர் அதைப் பார்க்க இல்லை. ‘ஜிப்சி ரோஸ்’ உரிமையாளர் 2011இலேயே காலமாகியிருந்தார்.

இதை வெற்றி என்று எழுதி முடித்துவிட முடியுமா? 2025 ஜூனில் குடியேற்றத் துறையின் சோதனைகள் லாஸ் ஏஞ்சல்சில் தொடங்கின. எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்ததும் தேசியக் காவல்படை இறக்கப்பட்டது. காரின் உயரத்தை அளக்கிற அதிகாரம் போய் பதினெட்டு மாதங்கூட ஆகவில்லை. வேலைக்குக் காத்து நிற்கிற தொழிலாளியையும் கார் கழுவுகிற தொழிலாளியையும் முகத்தை வைத்து, பேசுகிற மொழியை வைத்து நிறுத்துகிற அதிகாரம் தெருவில் நின்றது. 1930களில் ரயிலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது கேள்விப்பட்ட கதைதான்.

பாணி அரசியலுக்குப் பதிலாகிவிடாது. சுவிட்சைத் தட்டினால் கார் எழும்; கூலி எழாது, ஆலை திறக்காது, எல்லைக் காவலன் போய்விட மாட்டான். தெருவில் தென்படுவதே போதும் என்று நம்பின இடங்களில் லோரைடர் பண்பாடு சந்தையிடம் சுலபமாகத் தோற்றது. தன் பெண்களுக்கும் அநியாயம் செய்தது. ஆனால் மன்றமாகக் கூடி, தெருவைக் கேட்டு நகரமன்றத்தில் போய் நின்றபோது அதே பண்பாடு ஒரு சட்டத்தையே கழற்றிப் போட்டது. எந்த மக்களிடம் போய் அமைப்பாகுங்கள் என்று சொல்கிறோமோ அவர்கள் ஏற்கெனவே எதை வைத்து, யாரோடு சேர்ந்து, எந்த இரவுகளில் கூடுகிறார்கள் என்று முதலில் போய்ப் பார்ப்பது நல்லது. கிழக்கு லாஸ் ஏஞ்சல்சில் அது வீட்டுப் பின்பக்கத்தில் பிரித்துப்போட்ட காரைச் சுற்றி நடந்தது.